புல்வெட்டும் பொறியும் பூட்டு நகரின் பொறுப்பும்

இயந்திரத்தைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் நம்மிடையே இரண்டு குரல்கள் கேட்கின்றன. அறிவியலின் அருங்கொடை வந்துவிட்டது, இனி மனிதனுக்கு உழைப்பே இல்லை என்று ஒரு குரல் வாழ்த்துகிறது. ஏழையின் வாயில் மண் விழுந்தது என்று மற்றொரு குரல் வருந்துகிறது. இரண்டிலும் உண்மை உண்டு. இரண்டுமே முழு உண்மை அல்ல. எந்த வேலையை இயந்திரத்திடம் முதலில் ஒப்படைக்க வேண்டும், எந்த வேலையைக் கடைசிவரை மனிதன் கையில் வைத்திருக்க வேண்டும் என்ற வினாவை இவ்விரு குரல்களும் எழுப்புவதில்லை. அவ்வினாவுக்கு விடை காண்பதற்கு, நம் வாழ்க்கைக்குச் சற்றும் தொடர்பில்லாதது போலத் தோன்றும் ஒரு பொருளை ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம். கோல்ஃப் ஆட்டத்திற்கான பந்தடிப் பயிற்சித் திடல்களில் புல் வெட்டும் தானியங்கிப் பொறியே அப்பொருள்.

திண்டுக்கல் மலைக்கோட்டையின் அடிவாரத்தில் வாழும் நமக்குக் கோல்ஃப் எதற்கு என்று வாசகர் வினவக்கூடும். நியாயமான வினாவே. ஆயினும் அவ்வாட்டம் நமக்கு அத்தனை தொலைவில் இல்லை. பிரித்தானியத் தீவுகளுக்கு வெளியே மிகப் பழமையான கோல்ஃப் மன்றம் 1829இல் கல்கத்தாவில் தோன்றியது. நம் மாவட்டத்துக் கொடைக்கானலில் 1895ஆம் ஆண்டிலேயே கோல்ஃப் மன்றம் அமைந்துவிட்டது. கோடை விடுமுறையில் மலையேறிச் செல்லும் நம் மாணவர்கள் வேலிக்கு இப்பால் நின்று அப்பசும்புல் வெளியைப் பார்த்திருப்பர். அந்தப் புல்லை வெட்டுவது யார் என்று எண்ணிப் பார்த்தவர் சிலராகவே இருப்பர். நாம் இங்கே எண்ணப் புகுவது அதனைத்தான்.

திடலும் அதன் தொல்லையும்

கோல்ஃப் ஆட்டத்தைக் கற்போரும், ஆட்டத்திற்கு முன் கைப்பழக்கம் செய்வோரும் பந்தை அடித்துப் பழகும் இடமே பயிற்சித் திடல். ஒரு முனையில் வரிசையாக நின்று அடிப்பர். எதிரே இருநூறு முந்நூறு கெஜத் தொலைவுக்குப் புல்வெளி விரிந்து கிடக்கும். எத்தனை தொலைவு பந்து சென்றது என்பதைக் காட்ட ஆங்காங்கே எண் பலகைகள் நிற்கும். நிலம் அரிதான ஜப்பானிய நகரங்களில் உயர்ந்த வலைகளைச் சுற்றிலும் கட்டி, மாடி மாடியாக நின்று அடிக்கும் திடல்களும் உண்டு.

அடிப்பவர் பந்தைத் தேடிச் செல்வதில்லை. ஒருவர் அடித்து முடித்துப் போவார். அவ்விடத்தில் இன்னொருவர் வருவார். ஒரே நாளில் ஆயிரக்கணக்கான பந்துகள் புல்வெளியெங்கும் சிதறிக் கிடக்கும். அவற்றைப் பொறுக்க வேண்டும், கழுவ வேண்டும், மீண்டும் அடிப்பவரிடம் சேர்க்க வேண்டும். புல் வளர்ந்துவிட்டால் பந்து மறைந்துபோகும். ஆதலால் புல்லும் ஓயாது வெட்டப்பட வேண்டும். பந்து கிடக்கும் இடத்தில் பெரிய புல்வெட்டியை ஓட்டினால் அலகும் கெடும், பந்தும் சிதறும். எனவே முதலில் பந்துகளையெல்லாம் பொறுக்கி, அடிப்போரை நிறுத்தி வைத்து, பிறகே புல் வெட்டியாக வேண்டும். அடிப்போரை நிறுத்தினால் திடலுக்கு வருமானம் இல்லை. நிறுத்தாவிட்டால் வேலை செய்வோர் உடலுக்குப் பாதுகாப்பு இல்லை. பயிற்சித் திடலின் தீராத் தொல்லை இதுவே.

ஆட்டு மந்தை முதல் தானியங்கி வரை

புல் வெட்டும் கலையின் வரலாறு சுவையானது. ஸ்காட்லாந்தின் கடற்கரை மணல்வெளிகளில் கோல்ஃப் வளர்ந்த காலத்தில் புல் வெட்டும் பணியைச் செய்தவை ஆடுகளே. அவை மேய்ந்து மேய்ந்து தரையை ஒட்ட நறுக்கிய புல்லில் ஆட்டம் நடந்தது. பிறகு நீண்ட பிடி பொருத்திய அரிவாள்கள் வந்தன. இங்கிலாந்தின் ஸ்ட்ரௌட் என்னும் ஊரைச் சேர்ந்த எட்வின் படிங் என்பவர் 1830இல் உலகின் முதல் புல்வெட்டி இயந்திரத்திற்கு உரிமம் பெற்றார். கம்பளி ஆலையில் துணியின் மேற்பரப்பிலுள்ள மயிர்த்துய்யைச் சீராக நறுக்கும் உருளை அலகைப் பார்த்தே அவருக்கு அவ்வெண்ணம் தோன்றிற்று. துணிக்குச் செய்ததைத் தரைக்கும் செய்தால் என்ன என்று அவர் எண்ணினார். பஞ்சாலைகள் நிறைந்த வேடசந்தூர் வட்டாரத்திலிருந்து கல்லூரிக்கு வரும் மாணவர்கள் இச்செய்தியை மனத்திற் கொள்வது நன்று. ஒரு தொழிலின் கருவி வேறொரு தொழிலின் வாயிலைத் திறக்கும்.

பின்னர்க் குதிரைகள் இழுக்கும் பெரிய புல்வெட்டிகள் வந்தன. குளம்படி பட்டுப் புல்தரை குழிந்துவிடக் கூடாது என்பதற்காக அக்குதிரைகளின் கால்களுக்குத் தோலால் செய்த உறைகளை மாட்டினார்கள். நம் நாட்டிலோ காளைகளைப் பூட்டிப் புல்வெட்டியை இழுக்கச் செய்தனர். நீராவியும் பெட்ரோலும் அவற்றின் இடத்தைப் பிடித்தன. 1995இல் சுவீடன் நாட்டின் ஹஸ்க்வர்னா நிறுவனம் சூரிய ஒளியில் இயங்கும் தானியங்கிப் புல்வெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெல்ஜியத்தில் தோன்றிய பெல்ரோபோடிக்ஸ் நிறுவனம் பெரிய திடல்களுக்கேற்ற தானியங்கிப் புல்வெட்டியையும், அதனோடு ஒரே வெளியில் சுற்றிப் பந்து பொறுக்கும் தானியங்கியையும் உருவாக்கிற்று.

இப்பொறிகள் இயங்கும் முறையை மாணவர்கள் அறிந்துகொள்ளல் வேண்டும். தொடக்கத்தில் திடலின் எல்லையைச் சுற்றி மண்ணுக்குள் ஒரு மின்கம்பி புதைக்கப்பட்டது. கம்பியில் ஓடும் மெல்லிய மின்குறிப்பை உணர்ந்த பொறி எல்லையைத் தாண்டாமல் திரும்பிக்கொள்ளும். அண்மைக் காலப் பொறிகளுக்குக் கம்பியும் வேண்டியதில்லை. செயற்கைக்கோள்கள் அனுப்பும் குறிப்புகளை, அருகில் நிலையாக நிறுத்தப்பட்ட ஒரு கருவியின் துணையால் திருத்திக்கொண்டு, இரண்டு மூன்று சென்டிமீட்டர் பிழைக்குள் தன் இடத்தை அவை அறிந்துகொள்கின்றன. மின்கலத்தில் ஆற்றல் குறையும்போது தாமே மின்னேற்று நிலையத்திற்குச் சென்று நின்றுகொள்கின்றன; நிறைந்ததும் பணிக்குத் திரும்புகின்றன.

வெட்டும் முறையிலும் ஒரு வேறுபாடு உண்டு. பெரிய இயந்திரம் வாரம் ஒருமுறை வந்து நிறைய வெட்டும். தானியங்கியோ நாள்தோறும் வந்து நுனியை மட்டும் சிறிது சிறிதாக நறுக்கும். நறுக்கிய துணுக்குகள் அங்கேயே விழுந்து மட்கி மண்ணுக்கு உரமாகின்றன. அதன் அலகுகள் மிகச் சிறியவை. சுழலும் தட்டில் தளர்வாகத் தொங்குபவை. எடையும் குறைவாதலால் ஈரத் தரையில் கிடக்கும் பந்துகளை அது டிராக்டரைப் போல மண்ணுக்குள் அழுத்துவதில்லை. திடலுக்கென்றே அமைந்த பொறிகள், பந்துகள் கிடக்கும்போதே, அடிப்போர் அடித்துக்கொண்டிருக்கும்போதே வேலை செய்யும் வகையில் வடிவமைக்கப்பட்டுள்ளன. மேலே வந்து விழும் பந்தைத் தாங்க உறுதியான மூடியும் அவற்றுக்கு உண்டு.

கூண்டுக்குள் ஒரு மனிதன்

இத்தானியங்கி வருவதற்கு முன் அங்கே யார் இருந்தார்? இவ்வினாவில்தான் நம் கட்டுரையின் உயிர் இருக்கிறது.

கோல்ஃப் பந்தின் எடை ஏறக்குறைய 46 கிராம், பார்வைக்குச் சிறியது. ஆனால் தேர்ந்த ஆட்டக்காரர் ஒருவர் அடித்த பந்து மட்டையை விட்டுப் புறப்படும்போது மணிக்குச் சுமார் 270 கிலோமீட்டர் வேகத்தில் பாயும். தலையில் பட்டால் உயிருக்கே கேடு. அத்தகைய பந்துகள் வந்து விழும் வெளியில்தான் ஒரு தொழிலாளி பந்து பொறுக்கியும் புல் வெட்டியும் வந்தார். வசதி மிகுந்த திடல்களில் டிராக்டரைச் சுற்றி இரும்பு வலைக் கூண்டு அமைத்து, அதற்குள் அவரை அமர்த்தினார்கள். வசதியற்ற இடங்களில் அக்கூண்டும் இல்லை. மேலைநாட்டுத் திடல்களில் அக்கூண்டு வண்டி தோன்றியதும் அதனையே குறியாகக் கொண்டு பந்தடிப்பதை ஒரு வேடிக்கையாகக் கருதுவோர் உண்டு. உள்ளே இருப்பவனுக்கு அடிபடாது என்பது அவர்கள் சமாதானம். கூண்டில் பந்து மோதும் ஒவ்வொரு முறையும் உள்ளே இருப்பவர் நெஞ்சு திடுக்கிடும் என்பதை அவர்கள் எண்ணுவதில்லை.

தானியங்கி வந்தபின் அக்கூண்டில் அமர மனிதன் தேவையில்லை. பந்து பட்டால் பொறிக்கு வலிக்காது. இந்த இடத்தில் இயந்திரத்தை வரவேற்க நாம் சிறிதும் தயங்கவில்லை. மனித உடல் குறியாக நிற்கும் இடத்திலிருந்து மனிதனை விலக்கி அவ்விடத்தில் இரும்பை நிறுத்துவதே இயந்திரத்தின் முதற்கடமை என்பது நம் கருத்து.

மனிதன் மலிவான இடம்

அப்படியானால் உலகில் இடர் மிகுந்த வேலைகளுக்கெல்லாம் இயந்திரம் முதலில் வந்திருக்க வேண்டுமே! வந்ததா? இல்லை. பந்து விழும் புல்வெளிக்கு வந்த தானியங்கி, நச்சுவளி நிறைந்த குழிக்கு அதே விரைவில் வரவில்லை.

காரணம் எளியது. ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் ஒரு தொழிலாளியின் நாட்கூலி மிகுதி. புல் வெட்ட ஆள் கிடைப்பதும் அரிது. ஆகவே இயந்திரம் அங்கே சிக்கனம். நம் நாட்டில் மனிதன் மலிவு. மனிதன் மலிவான இடத்திற்கு இயந்திரம் எளிதில் வருவதில்லை. கூலிக் கணக்கைக் கொண்டே இயந்திரத்தைத் தேர்ந்தெடுப்பதால் விளையும் கேடு இது. உயிரின் இடர்க் கணக்கு அந்த ஏட்டில் எழுதப்படுவதேயில்லை.

நம் திண்டுக்கல் தோல் தொழிலால் வளர்ந்த நகரங்களுள் ஒன்று. ஆவாரம்பட்டையைக் கொண்டு தோல் பதனிட்ட காலந்தொட்டு இந்நகரின் பல குடும்பங்கள் அத்தொழிலால் வாழ்ந்தன. கல்விக்கும் அறப்பணிகளுக்கும் அத்தொழிலின் செல்வம் துணை நின்றதை நாம் நன்றியுடன் நினைவுகூர்கின்றோம். அந்நன்றியின் காரணமாகவே ஓர் உண்மையையும் உரிமையோடு சொல்கின்றோம். தோலிலிருந்து மயிர் நீக்கச் சோடியம் சல்பைடு பயன்படுகிறது. அக்கழிவு தேங்கும் தொட்டியில் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சுவளி உண்டாகிறது. குறைந்த அளவில் அது அழுகிய முட்டை நாற்றம் வீசும். மிகுந்த அளவில் மூக்கின் உணர்வையே அழித்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது, இனி அச்சமில்லை என்று எண்ணி இறங்குபவர் அப்படியே வீழ்வார். அவரைத் தூக்க இறங்கும் இரண்டாமவரும் மூன்றாமவரும் வீழ்வார்கள். தமிழகத்தின் தோல் நகரங்களில் இத்தகைய செய்தி நாளேடுகளில் மீண்டும் மீண்டும் வந்திருக்கிறது. வீடுகளின் கழிவுநீர்த் தொட்டிகளிலும் பாதாளச் சாக்கடைகளிலும் நடப்பது இதுவே.

சட்டம் இல்லாமல் இல்லை. நச்சுவளி இருக்கக்கூடிய தொட்டிக்குள் உரிய சோதனையும் பாதுகாப்பும் இன்றி எவரையும் இறக்கக் கூடாதென 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே விதித்தது. பாதுகாப்புக் கருவியின்றிச் சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கிற்று. சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 இலட்சம் ரூபாய் வழங்க 2014இல் ஆணையிட்ட உச்சநீதிமன்றம், 2023இல் அத்தொகையை 30 இலட்சமாக உயர்த்தியது. இயந்திரமும் இல்லாமல் இல்லை. கேரளத்து இளம் பொறியாளர்கள் உருவாக்கிய, பெருச்சாளியின் ஆங்கிலப் பெயரைத் தாங்கிய ‘பேண்டிகூட்’ என்னும் பொறி 2018இல் திருவனந்தபுரத்தில் சாக்கடைக்குள் இறங்கிப் பணியைத் தொடங்கிற்று. தமிழகத்தின் சில உள்ளாட்சிகளும் அதனை வாங்கியுள்ளன.

சட்டமும் இருக்கிறது, இயந்திரமும் இருக்கிறது. இல்லாதது எது? விளையாட்டுத் திடலில் பந்து பொறுக்குபவன் தலையில் அடிபடக் கூடாது என்று எண்ணிய உள்ளம், குழியில் இறங்குபவனைக் குறித்து இன்னும் முழுமையாக எழவில்லை. செல்வரின் பொழுதுபோக்குத் திடலில் நடைமுறைக்கு வந்துவிட்ட ஒரு நீதி, உழைப்பவரின் தொட்டியருகே இன்னும் காத்து நிற்கிறது.

பூட்டு சொல்லும் பாடம்

இனி மறுபுறத்தையும் பார்ப்போம். இயந்திரம் எங்கு வந்தாலும் நன்மையே என்று நாம் சொல்ல வரவில்லை. அவ்வாறு சொல்லத் திண்டுக்கல் பூட்டு நம்மை விடாது.

நாகல்நகரிலும் நல்லாம்பட்டியிலும் சுற்றுவட்டச் சிற்றூர்களிலும் கையால் செதுக்கி, கையால் அராவி, ஒன்றைப் போல் மற்றொன்றின் சாவி இராதவாறு உருவாக்கப்பட்ட பூட்டுகள் நாடெங்கும் நம் நகரின் பெயரைக் கொண்டு சென்றன. மாங்காய்ப் பூட்டை அறியாத பழைய வீடுகள் குறைவு. பிறகு அலிகார் நகரின் இயந்திரப் பூட்டுகள் குறைந்த விலைக்குச் சந்தையை நிறைத்தன. பட்டறைகள் ஒவ்வொன்றாக ஒடுங்கின. தந்தையின் அரத்தை மகன் எடுக்கவில்லை. 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, மகிழ்ந்தோம். ஆனால் பெருமை வந்து சேர்ந்தபோது பட்டறையில் இருந்த கைகள் மிகச் சிலவே.

பூட்டுப் பட்டறையில் உயிருக்கு இடர் இல்லை. அங்கே இயந்திரம் எவரையும் காப்பாற்ற வரவில்லை. ஒரு கைத்திறனை இடம்பெயர்க்க மட்டுமே வந்தது. அத்திறனுக்கு மாற்று வழி எதனையும் எவரும் அமைக்கவில்லை. பயிற்சித் திடலிலும் இவ்வேறுபாடு உண்டு. பந்து விழும் நடுவெளியில் நிற்பவர் ஒருவர். திடலின் ஓரத்தில், மரநிழலில், பூம்பாத்திக்குக் களையெடுக்கும் பெண் மற்றொருவர். முன்னவரை இயந்திரம் விடுவிக்கிறது. பின்னவரை நீக்கினால் அவரை வறுமையில் தள்ளுகிறது. இரண்டையும் ஒரே சொல்லால் ‘முன்னேற்றம்’ என்று அழைப்பது முறையாகாது.

கடல் கடந்த புல்வெளிகள்

ஏதோ அயல்நாட்டுக் கதை என்று இதனை ஒதுக்கிவிட முடியாத காரணம் இன்னொன்று உண்டு. பாலைநிலமான துபாயில் 1988இல் எமிரேட்ஸ் கோல்ஃப் மன்றம் பசும்புல் திடலைத் திறந்தது. அதன்பின் வளைகுடா நாடுகளில் இத்தகைய புல்வெளிகள் பல எழுந்தன. அப்புல்லுக்கு நீர் பாய்ச்சியவர்களும் வெட்டியவர்களும் பெரும்பாலும் தென்னாசியத் தொழிலாளர்களே. சிங்கப்பூரின் சாலையோரப் புல்லை முதுகில் இயந்திரம் சுமந்து வெட்டுவோரில் தமிழக இளைஞர் பலர். நம் சமுதாயத்தில் வளைகுடாவிலிருந்து வரும் பணத்தை எதிர்பார்த்து அடுப்பெரியும் வீடுகள் எத்தனை என்பதைப் பெரியோர் அறிவர்.

அந்நாடுகளில் தானியங்கிப் புல்வெட்டி பரவினால், முதலில் தேவையற்றுப் போகும் கைகள் நம் பிள்ளைகளின் கைகளே. அங்கே அவர்களுக்கு வேலை காக்கும் சங்கம் இல்லை. விசா முடிந்தால் விமானம் ஏற வேண்டியதுதான். ஆனால் அத்தானியங்கிக்கும் ஒரு மனிதன் வேண்டும். அதன் சிறிய அலகுகள் சில வாரங்களில் மழுங்கும், மாற்ற வேண்டும். சக்கரங்களில் மண் அப்பும், துடைக்க வேண்டும். எல்லைக் கம்பி அறுந்தால் அறுந்த இடத்தைக் கண்டுபிடித்து இணைக்க வேண்டும். மின்கலம் முதுமையடையும்; வழிகாட்டும் கருவி பிழை காட்டும். இவற்றை அறிந்தவனுக்கு அதே திடலில் முன்னினும் மேலான ஊதியத்தில் வேலை உண்டு. அறியாதவன் ஊருக்குத் திரும்புவான். இருவருக்கும் இடையே இருப்பது சில மாதப் பயிற்சி மட்டுமே.

இயந்திரம் அறியாதவை

தானியங்கி எத்தனை கூர்மையுடையதாயினும் அது அறியாதவை சில உண்டு. ஐரோப்பாவில் இரவில் இயங்கும் புல்வெட்டிகளால் முள்ளெலிகள் காயமுற்றன. ஆபத்தைக் கண்டால் ஓடாமல் சுருண்டு கிடப்பது அவ்வுயிரின் இயல்பு. பொறிக்கோ கல்லுக்கும் உயிருக்கும் வேறுபாடு எப்போதும் தெரிவதில்லை. ஜெர்மனியின் கொலோன் நகரம் 2024இல் அவற்றை இரவில் இயக்குவதற்குத் தடை விதித்தது. நம் தென்தமிழகத்தின் வறண்ட சமவெளிகளிலும் முள்ளெலி வாழ்கிறது என்பதை நம் மாணவருள் பலர் அறியார். சிற்றுயிருக்காகவும் ஒரு நகரம் இயந்திரத்தை நிறுத்தி வைக்கும் என்றால், இயந்திரத்திற்கு எல்லை வகுப்பது மனிதனால் இயலாத செயல் அன்று.

இன்னொன்று, அந்தப் புல் அங்கே வளரத்தான் வேண்டுமா என்ற வினாவைத் தானியங்கி கேட்காது. ஆத்தூர் காமராசர் நீர்த்தேக்கத்தையும் காவிரிக் கூட்டுக் குடிநீரையும் நம்பி வாழும் நகரம் நம்முடையது. குடகனாற்றில் நீர் ஓடுவதைக் காண்பதே நமக்குத் திருநாள். பார்வைக்காக மட்டும் பச்சையாய் இருக்கும் பரந்த புல்வெளியைச் சமவெளியில் வளர்க்க நமக்கு வசதியுமில்லை, உரிமையுமில்லை. நம் ஊர்ப் புல் ஆட்டுக்கு உரியது. ஸ்காட்லாந்திலும் தொடக்கத்தில் அப்படித்தான் இருந்தது.

மறுப்பும் விடையும்

இக்கருத்துக்கு இரு மறுப்புகள் எழலாம். இடர் மிகுந்த வேலைக்கு இயந்திரம் வாங்கப் பெரும்பொருள் வேண்டுமே, சிறு தொழிலதிபர் எங்கே போவார் என்பது ஒன்று. தனித்தனியே வாங்க இயலாததைக் கூடி வாங்கலாம் என்பதே நம் விடை. மாசு விளைவிப்பவரே அதற்குரிய விலையையும் தர வேண்டும் என்று 1996இல் உச்சநீதிமன்றம் தமிழகத் தோல் ஆலைகள் குறித்துத் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு திண்டுக்கல்லையும் தழுவியது. இயலாது என்று முதலில் தோன்றிய பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கூட்டு முயற்சியால் இயன்றன. கழிவுநீரைத் தூய்மை செய்யக் கூட முடிந்தவர்களுக்கு, அக்கழிவுக்குள் மனிதன் இறங்காமற் செய்யவும் கூட முடியும். தொட்டி துப்புரவுப் பொறி ஒன்றை ஆலைகள் பல சேர்ந்து பொதுவில் வைத்துக்கொள்வது ஆகாத செயலா?

குழியில் இறங்குபவனும் அவ்வேலையால்தானே சோறுண்கிறான், இயந்திரம் வந்தால் அவன் சோறும் போகுமே என்பது மற்றொன்று. உண்மைதான். ஆதலால் குழியிலிருந்து அவனை எடுப்பதோடு நம் கடமை முடிவதில்லை. அவன் இடத்தில் வரும் பொறியை இயக்கும் உரிமை அவனுக்கே முதலில் தரப்பட வேண்டும். இடர் மட்டும் அவனைவிட்டுப் போகட்டும். வேலை அவனிடமே இருக்கட்டும். கூண்டில் அமர்ந்திருந்தவரே தானியங்கியின் காவலராகும் திடலே நீதியுள்ள திடல்.

நாம் செய்யத்தக்கவை

கருத்துரைப்பது எளிது, செய்வதைச் சொல்ல வேண்டும். மூன்றை மட்டும் முன்வைக்கின்றோம்.

முதலாவது நம் கல்வி நிறுவனங்களுக்கு. நம் ஊர்க் கல்லூரி, பள்ளி விளையாட்டுத் திடல்களில் தோளில் மாட்டும் புல்வெட்டியால் புல் வெட்டும் தொழிலாளர்களை நாள்தோறும் காண்கிறோம். சுழலும் நரம்பில் பட்டுத் தெறிக்கும் சிறுகல் கண்ணைப் பறிக்க வல்லது. தானியங்கி வாங்கும் வசதி நமக்கு இன்று இல்லை. ஆனால் அவருக்கு ஒரு கண்ணாடியும் உறுதியான காலணியும் காதடைப்பானும் வாங்கித் தரும் வசதி இல்லாத நிறுவனம் ஒன்றுகூட இராது. அதனை இவ்வாண்டே செய்யலாம்.

இரண்டாவது ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும். தானியங்கிகளைப் பழுதுபார்க்கும் குறுகிய காலப் பயிற்சி நம் ஊரில் அமைய வேண்டும். பூட்டின் நுண்ணிய நெம்புகளைக் கண் மூடியே உணர்ந்த கைவினைஞர்களின் பேரப்பிள்ளைகள் நம் வகுப்பறைகளில் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சிறு பொறியின் நுட்பம் புதிதன்று. தமிழ் பயிலும் மாணவருக்கு இதில் என்ன பங்கு என்று கேட்க வேண்டாம். அப்பயிற்சிக்கான கையேட்டை எளிய தமிழில் எழுத அவரன்றி யார் வருவார்? இயந்திரத்தின் மொழி தாய்மொழியில் இறங்காதவரை அது எட்டாத பொருளாகவே இருக்கும்.

மூன்றாவது நம் சமுதாயப் பெரியோர்க்கு. ஆலை நடத்துவோரும் கட்டடம் எழுப்புவோரும் அறக்கட்டளைகளை நிருவகிப்போரும் நம்மிடையே உள்ளனர். அவர்கள் தம் ஆட்சியிலுள்ள இடத்தில், எந்தத் தொட்டியிலும் எந்தச் சாக்கடையிலும் மனிதன் இறங்கமாட்டான் என்று உறுதி பூண வேண்டுகின்றோம். இறக்குவதற்கு முன் ஒரு தொலைபேசி, ஓர் உறிஞ்சு வண்டி, ஒரு நாள் பொறுமை. பல வேளைகளில் ஓர் உயிருக்கு இவ்வளவுதான் விலை. வண்டி வரத் தாமதமாகும், இன்று வேலை நின்றுவிடும் என்று மேலாளர் முறையிடலாம். நின்ற வேலையை நாளை தொடங்கலாம். நின்ற மூச்சை எவரும் தொடக்க இயலாது.

இயந்திரம் நல்லதா தீயதா என்று பட்டிமன்றம் நடத்திப் பொழுதைக் கழிப்பதில் பயனில்லை. அது யாருடைய இடத்தில் வந்து நிற்கிறது, அங்கு நின்றவர் இப்போது எங்கே நிற்கிறார் என்று கேட்பதே நேரிய வழி. கோல்ஃப் திடலின் நடுவே பந்துமழையில் நனைந்து ஊர்ந்து செல்லும் அச்சிறு பொறியைக் குறித்து நாம் கேட்ட வினா அதுவே. அதே வினாவை நம் ஆலையின் தொட்டியருகேயும் நம் தெருவின் சாக்கடையருகேயும் நின்று கேட்போமாக. விடை வரும்வரை மூடியைத் திறக்க ஒப்பாதிருப்போமாக.